கூரையில் ஒரு ஜன்னல்

சங்கரன்கோவிலில் புதுக் கார் எடுக்கப் போகிறவரிடம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது முதலில் கேட்பது, "சன்ரூஃப் உண்டா?" என்றுதான். சொகுசுக் கார்களில் மட்டும் இருந்த வசதி, 2023-இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சின்ன வண்டிக்கும் இறங்கிவிட்டது. அந்த ஆசை நியாயமானது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் கண்ணாடியின் பின்விளிம்பைச் சற்றுத் தூக்கிவிட்டால், கூரையடியில் தேங்கிய அனல் வெளியேறும். ஏசிக்கு வேலை குறையும்.

1937-இலேயே அமெரிக்காவின் நாஷ் கம்பெனி கூரை திறக்கும் காரை விற்றது. கண்ணாடி பதித்த கூரையை 1973-இல் 'மூன்ரூஃப்' என்று கொண்டுவந்தது ஃபோர்டின் லிங்கன். நம் தெருக்களில் ஓடுபவை அந்தக் கண்ணாடி வகைதான்.

அதன் வழியே பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடித் தபசு சமயத்தில் ரத வீதிகளில் தோரணமும் ஸ்பீக்கர் ஒயரும் தாழத் தொங்கும். 2025 செப்டம்பரில் பெங்களூரில் அப்படி நின்றுவந்த சிறுவனின் தலை, சாலையின் குறுக்கே இருந்த உயரத்தடுப்புக் கம்பியில் மோதியது. பெல்ட் போடாத பிள்ளைக்காக 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய். அந்தத் தொகையா பெரிது?

பலருக்குத் தெரியாத இன்னொன்று: கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழைநீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே இறங்கும் நீரை ஒரு சிறு வாய்க்கால் பிடித்து, மூலைக் குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கி, வண்டிக்கு அடியில் விட்டுவிடும். நாமோ வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம். உதிர்ந்த பூவும் புழுதியும் சேர்ந்து குழாயின் வாயை அடைக்கின்றன. ஐப்பசி மழையில் முன்சீட்டுக் கால்மிதி நனைந்த பிறகுதான் தெரிகிறது. உடனே சிலிக்கான் அப்பச் சொல்பவர்கள் உண்டு. அப்பினால் கூரை திறக்காது, அடைப்பும் அப்படியே இருக்கும்.

மழைக்கு முன்பே கூரையைத் திறந்து, வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்து, மூலையில் கொஞ்சம் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். சக்கரத்தின் பக்கம் சொட்டினால் குழாய் சரி. தேங்கி நின்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். காற்றுக் குழாயை வைத்து வேகமாக ஊதினால் உள்ளே இணைப்பு கழன்றுவிடும். அதைச் சரிசெய்யக் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.