விட்ட இடத்தில் நிற்பது

லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்குவதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் எங்கள் லேத் பட்டறைக்கு முழு வேலை. சித்திரையிலும் வைகாசித் தொடக்கத்திலும் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். மதகுகளின் திருகுக் கம்பிகள் அப்போதுதான் கழன்று எங்களிடம் வரும். அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி தேக்கடியில் தண்ணீர் திறப்பது வழக்கம். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி நாற்றுப் பாவக் காத்திருக்கும். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைப் பற்றியும் அதைக் கட்டிய பென்னிகுயிக்கைப் பற்றியும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பேசாதவர் இல்லை. பேச வேண்டிய பெருமைதான். மலையைக் குடைந்து வந்த அந்தத் தண்ணீரை உத்தமுத்து வாய்க்காலுக்கு இவ்வளவு, பாளையம் பரவுக்கு இவ்வளவு என்று நிறுத்திப் பிரித்துக் கொடுப்பது ஓர் இரும்புக் கம்பியில் ஓடும் மரை. காலமெல்லாம் மரை போட்டே பிழைத்தவன் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு நேராக ஏற யாராலும் முடியாது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிப் போனால் பஸ்ஸே ஏறிவிடுகிறது. தூரத்தைக் கூட்டிச் செங்குத்தைக் குறைக்கிறோம். அந்தச் சாலையை ஓர் உருளையின் மேல் சுற்றிவிட்டால் திருகு. மதகுக்கு நாங்கள் போடும் 50 மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஷட்டர் 8 மி.மீ. ஏறும். அதே ஒரு சுற்றில் மரையின் மேல் நட்டு நடக்கும் தூரம் ஏறத்தாழ 145 மி.மீ. பதினெட்டுக்கு ஒன்று என்ற சாய்வு. ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வாய்க்காலில் நிறைந்து நிற்கும் தண்ணீர் ஷட்டரை 500 கிலோ அளவுக்கு நெஞ்சோடு தள்ளும். ஷட்டர் தன் காடியில் அழுந்தி நிற்கும். அதன் சொந்த எடை வேறு. இத்தனையையும் மீறி, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் தனியாளாக நின்று சக்கரத்தைச் சுற்றி அதைத் தூக்குகிறார்.

தூக்குவதைக் காட்டிலும் எனக்கு வியப்பு அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. அவர் கையை எடுத்துவிடுகிறார். ஷட்டர் அப்படியே நிற்கிறது. பூட்டு இல்லை, கொக்கி இல்லை, எதிர் எடை இல்லை. விட்ட இடத்தில் நிற்கிறது.

இதற்குக் காரணம் உராய்வு. நாம் சக்கரத்தில் போடும் உழைப்பில் முக்கால் பங்கை அது தின்றுவிடுகிறது. கால் பங்குதான் ஷட்டரை ஏற்றுகிறது. இன்ஜினியரிங் படித்து வரும் பிள்ளைகள் இதைக் குறையாகத்தான் சொல்வார்கள். ஆனால் போட்ட உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் போனால்தான் சுமை திருகைத் திருப்பிச் சுற்றாமல் இருக்கும். இது கணக்கிலேயே உள்ள விதி. சாய்வு மூன்று டிகிரிக்குச் சற்று மேல். இரும்பும் கன்மெட்டலும் உரசிப் பிடிக்கும் கோணம் கிரீஸ் போட்ட நிலையிலும் ஐந்து, ஆறு டிகிரிக்குக் குறைவதில்லை. சாய்வு பிடிப்புக்கு உள்ளே இருக்கிறவரை தண்ணீர் எத்தனை கனத்தாலும் கம்பி இறங்காது. இழந்தது என்று நாம் நினைக்கும் அந்த முக்கால் பங்குதான் இரவெல்லாம் மதகைக் காவல் காக்கிறது.

ஒரு தோப்புக்காரர் கிணற்றுத் தொட்டி மதகுக்குக் கம்பி போட வந்தார். "அண்ணே, சுத்திச் சுத்திக் கை விட்டுப் போகுது. ரெட்டை மரையாப் போட்டுக் குடுங்க. பாதிச் சுத்துல தெறந்துரலாம்ல?" என்றார்.

"தெறக்கலாம் தம்பி. கிரீஸ் வச்ச பெறகு ராத்திரி அதுவா எறங்குனா யாரு வந்து பிடிப்பா?"

ரெட்டை மரையில் சாய்வும் இரட்டிப்பாகிவிடும். ஆறு டிகிரி தாண்டும்; பிடிப்பின் விளிம்பில் வந்து நிற்கும். காய்ந்த கம்பியில் நிற்பது எண்ணெய் பட்டதும் நழுவும். அவசரமாகத் திறந்து மூட வேண்டிய பிரஸ்ஸுக்கு ரெட்டை மரை, மூன்று மரை எல்லாம் உண்டு. அங்கே அது சரி. மதகுக்கு ஒற்றை மரை மட்டுமே போடுவேன். அவர் ஒற்றை மரையிலேயே வாங்கிப் போனார்.

திருகு வருவதற்கு முன்னும் பாண்டி நாட்டுக் கண்மாய்களில் தண்ணீரை அளந்துதான் விட்டார்கள். குமிழித் தூம்பில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே துளைக் கல் வைத்து, அதற்குள் அடைப்பைத் தூக்கி இறக்குவார்கள். அதற்காக ஆள் நீருக்குள் மூழ்கிப் போக வேண்டியிருந்தது. அந்தத் தூம்பைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இன்று கரையில் நின்றபடியே ஷட்டரை விரல் அகலம் ஏற்றலாம், அரை விரல் இறக்கலாம். வைத்த திறப்பு மாறாமல் நிற்கும்.

கம்பி வெட்டும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வெளியே தெரியாத வேலை. ஆறடிக் கம்பியைச் சக்கில் பிடித்து மறுமுனையைச் சென்டரில் தாங்கினாலும் நடுவில் அது வளையும். டூல் அழுத்தினால் இன்னும் விலகும். அதனால் டூலோடு கூடவே நகரும் ஸ்டெடியைச் சேடிலில் பூட்ட வேண்டும். மதகுக்குச் சதுர மரைதான் நல்லது. வி மரையில் சுமை பக்கவாட்டில் நட்டைப் பிளக்கப் பார்க்கும். சதுர மரையில் நேராக உட்காரும். 8 மி.மீ. மரைக்கு 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். டூலின் பக்கங்களை மரையின் சாய்வுக்கு ஏற்பச் சரித்துச் சாணை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிகால் உரசி மரையின் சுவரைக் கிழித்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு மயிரிழைதான் இறக்குவேன். கட்டிங் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்க, சுருள் ஒரே சீராக வர வேண்டும். சத்தம் மாறினால் கை தானாகக் கிளட்சுக்குப் போகும்.

எங்கள் பழைய லேத்தின் லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 4 மரை. அதில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டும் என்றால் 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்று பின்னமில்லாத எண் வரும். அதைவிடச் சிறிய முழு எண் கிடையாது. இரண்டு அளவு முறைகளும் சந்திக்கிற ஒரே வாசல் அந்தப் பல்சக்கரம். அப்படி வெட்டும்போது ஹாஃப் நட்டை நடுவில் விடக் கூடாது. விட்டால் அடுத்த தடவை டூல் பழைய பள்ளத்தில் விழாது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது என் எண்ணம்.

நட்டைக் கன்மெட்டலில் போடுகிறோம். இரும்பும் இரும்பும் துருவில் கட்டிக்கொள்ளும். கன்மெட்டல் கட்டாது, தேய்ந்தாலும் நட்டுத்தான் தேயும், கம்பி பிழைக்கும்.

எங்கள் ஊரில் போல்ட் கேட்பவர்கள் இன்றும் "நாலு நூல் போல்ட்டு" என்றுதான் கேட்பார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். நாலு நூல் அரை அங்குலம். ஆனால் எந்த அரை அங்குலம் என்று கேட்டாக வேண்டும். பழைய டீசல் என்ஜினில் வருவது விட்வொர்த் மரை, அங்குலத்துக்கு 12. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்பில் அமெரிக்க மரை. அரை அங்குலப் பெரிய மரை என்றால் 13. புது வண்டிகளில் 12 மி.மீ. போல்ட், 1.75 மி.மீ. மரை. ஒன்றின் நட்டு இன்னொன்றில் இரண்டு சுற்றுப் போய் இறுகும். இறுகியதைப் பொருந்தியது என்று நம்பி ஸ்பேனரை அழுத்துகிறவர்கள்தான் என் பட்டறைக்கு உடைந்த போல்ட்டோடு வருகிறார்கள். கையால் கடைசி வரை போக வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பேனர். எத்தனை முறை சொன்னாலும் இதைச் சொல்ல எனக்குச் சலிப்பதில்லை.

விட்வொர்த் 1841-ல் தன் அளவை முன்வைக்கும்வரை இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை. அவர் பல பட்டறைகளின் திருகுகளைச் சேர்த்துப் பார்த்து, நடுத்தரமாக 55 டிகிரி என்று முடிவு செய்தார். 1864-ல் அமெரிக்காவில் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். அதற்கு முந்தைய உலகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கையால் நகை செய்யும் பத்தரிடம் போக வேண்டும். அவர் செய்த தோட்டில் இடது காதின் திருகாணி வலதுக்குச் சேராது. தொலைந்தால் அந்தத் தோட்டையே கொண்டுபோய் அதற்கென்று புதிதாகச் செய்ய வேண்டும். அரிசி மணி அளவு திருகாணி ஒரு பெண்ணின் காதில் தலைமுறை தாண்டியும் நிற்கிறது. மதகைப் பிடித்து நிறுத்தும் அதே உராய்வுதான் அதையும் பிடிக்கிறது.

எல்லாத் திருகும் நிற்பதற்கு என்று இல்லை. எண்ணெய் எக்ஸ்பெல்லரின் வோர்ம் நிற்கவே கூடாத திருகு. கம்பம், கூடலூர்ப் பக்கத்துக் கொப்பரையையும் ஆண்டிபட்டிப் பக்கத்துக் கடலையையும் அது தள்ளிக்கொண்டே போகும். போகப் போக இடம் குறுகும். நெருக்கத்தில் எண்ணெய் கூண்டின் இடுக்கு வழியாக வழியும், பிண்ணாக்கு முனையில் வரும். தேய்ந்த வோர்மை வெல்டிங்கில் ஏற்றிக் கடைந்து கொடுப்பது எங்களுக்கு வருஷம் முழுக்க வரும் வேலை. மைக்ரோமீட்டரில் உள்ளது அளக்கும் திருகு: ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., சுற்றளவில் 50 கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. திராட்சைப் பந்தலின் கம்பியை முறுக்கேற்றும் டர்ன்பக்கிளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. நடு உடலைச் சுற்றினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபடும். கேஸ் வெல்டிங்கில் அசிட்டிலின் இணைப்புக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது. தவறிப் போய் மாற்றிப் பூட்ட நினைத்தாலும் பூட்ட முடியாது. மரையின் திசையே உயிரைக் காக்கிறது.

புத்தி பேதலித்தவனை மரை கழன்றவன் என்கிறார்கள். மரை ஏன் கழல்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இழுவையால் அது கழல்வதில்லை. பக்கவாட்டில் விடாமல் ஆடுவதால்தான் கழல்கிறது. ஆடும்போது உராய்வின் பிடி நொடிக்கு நொடி விட்டுப்போகும். ஜெர்மானியரான யுங்கர் 1969-ல் இதைச் சோதித்துக் காட்டினார். பவர் டில்லரின் போல்ட்டுகள் உழவு முடிந்ததும் தளர்ந்து வருவது இதனால்தான். போல்ட் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு துண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காத அளவுக்கு முதலிலேயே இறுக்கினால் கழலாது. ஸ்பிரிங் வாஷர் மட்டும் போட்டுவிட்டு நம்பி இருக்கக் கூடாது.

மதகுக் கம்பிக்குப் பெரிய எதிரி சும்மா கிடப்பதுதான். அறுப்பு முடிந்து வாய்க்கால் அடைத்த பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது ஷட்டரை மேலே வரை ஏற்றிக் கீழே வரை இறக்க வேண்டும். பழைய கிரீஸில் மணல் ஏறியிருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுத்தான் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். துடைக்காமல் மேலே பூசிவிட்டால் அந்த மணல் சாணைக்கல் மாதிரி நட்டைத் தின்னும். சக்கரத்தைச் சுற்றுமுன் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் வெறுமனே ஆடினால் நட்டுத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைகாசி பிறக்கும் முன் கழற்றி அனுப்புங்கள். கம்பியையும் சேர்த்தே அனுப்புங்கள். பழைய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் புது நட்டுக்கு மரை வெட்ட முடியும்.