ஊசி அசையவில்லை

புல்லட்டைச் சென்னையில் கோக்கத் தொடங்கியது 1955-ல். என்னுடையது அவ்வளவு கிழமன்று. ஆனாலும் பாயிண்ட் காலத்து வண்டி. குமுளி மலை ஏறுமுன் லோயர் கேம்ப்பில் நின்றுவிட்டது. பெரியாற்றுத் தண்ணீர் ராட்சசக் குழாய்களில் இறங்கி மின்சாரமாகும் ஊர் அது. என் வண்டிக்கு மட்டும் ஒரு பொறி இல்லை!

போன வாரமும் இப்படித்தான். எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார் கம்பத்தில் ஒருவர். பிரித்தால் ஒரு நாவலின் ராயல்டி போய்விடும். விற்றுத் தொலைக்கலாமா என்றுகூட யோசித்திருந்தேன்.

சாலையோர மெக்கானிக் ஸ்பானரையே தொடவில்லை. ஹாரனை அழுத்தினார், அலறியது.

"பேட்டரி நல்லாருக்குண்ணே. ஊசியப் பாருங்க."

சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கினார். பாயிண்ட் சேரும்போது ஆம்மீட்டர் ஊசி இறக்கப் பக்கம் சாய வேண்டும். பிரியும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஊசியோ நிஷ்டையில் இருந்தது. அப்படியானால் பாயிண்டுக்கு மின்சாரமே போகவில்லை. பாவம், எஞ்சின் என்ன செய்யும்?

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஹாண்டில் திரும்பும் கழுத்தருகே ஓரிடம் தொய்ந்து மடங்கிற்று. மேலுறை முழுசு, உள்ளே செம்பு அறுந்திருந்தது. வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த களைப்பு.

முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார். ஊசி தலையாட்டியது. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பிவிட்டது.

மலை வளைவுகளில் சாலையைப் பார்ப்பதா, ஊசியைப் பார்ப்பதா என்பதுதான் குமுளி வரைக்கும் என் கவலை.