மலைநாட்டுக்கு ஒரு பாதை

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னவுடன், மூவர் முதலிகள் பாடிய திருப்பதிகங்கள் இங்குதான் பிறந்தனவோ என்று வெளியூர் அன்பர்கள் வினவுவதுண்டு. பெயர் ஒன்றே, ஊர் வேறு. தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிறிய வேளாண் ஊரே தேவாரம். மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களுள் ஒன்றாக இவ்வூர் எண்ணப்பட்டது. 1997-இல் தேனி மாவட்டம் உருவாகும் வரை நாங்களும் மதுரை மாவட்டத்தாரே.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் இருபோக நெல்வயல்களே பலர் கண்முன் தோன்றும். ஆனால் முல்லைப் பெரியாறு எங்கள் ஊரைத் தொட்டுச் செல்வதில்லை. அது கிழக்கே உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகச் செல்கிறது. திருவிதாங்கூர் அரசரோடு 1886-இல் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி, பென்னிகுவிக் என்னும் பொறியாளர் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. ஆற்றங்கரை ஊர்கள் செழித்தன. நாங்களோ கிணற்றையும் கண்மாயையும் வானத்தையும் நம்பி, நிலக்கடலையும் சோளமும் மொச்சையும் விளைவித்து வாழ்ந்தோம். பின்னாளில் 18-ஆம் கால்வாய் வெட்டப்பட்ட பிறகே, ஆற்றில் நீர் மிகும் காலங்களில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களையும் அந்நீர் எட்டிப் பார்த்தது.

மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் முன்னோர் மலையை நோக்கினர். ஊருக்கு மேற்கே சாக்குலூத்து மெட்டு வழியாகச் செல்லும் காட்டுப்பாதை, மறுபுறத்து ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் விடும். இங்கிருந்து அரிசியும் புளியும் மொச்சையும் தலைச்சுமையாக ஏறின. அங்கிருந்து ஏலமும் மிளகும் இறங்கின. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு வந்தபின்னும் எம் மக்களின் கால்கள் அப்பாதையை மறக்கவில்லை. அதனைச் சாலையாக்க வேண்டுமென்ற கோரிக்கை பல்லாண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. காட்டின் நலன் கருதும் தடைகளும் உடன் நிற்கின்றன. இன்று தோட்ட வேலைக்குச் செல்வோர் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றிச் செல்கின்றனர்.

எங்கள் தந்தையார் அப்பாதையில் நடந்தவர். அவர் பிள்ளைகளாகிய நாங்கள் நால்வரும் அவர் கொண்டுவந்த கூலியில் படித்து வளர்ந்தோம். மலைமேல் அவர் வேலை பார்த்தது சிறு தோட்டம் ஒன்றில். அதன் உரிமையாளர் கோட்டயம் பக்கத்திலிருந்து குடியேறிய சிரியன் கத்தோலிக்கர். அப்பாவை அவர் 'அண்ணாச்சி' என்பார். அப்பா அவரைச் 'சேட்டன்' என்பார். காயெடுப்பு முடிந்த மாலைகளில் இருவரும் சேர்ந்தே செபமாலை சொல்வார்களாம். அவர் மலையாளத்தில் தொடங்க, அப்பா தமிழில் முடிப்பார். ஆகஸ்டு 5-ஆம் நாள் இராயப்பன்பட்டிப் பனிமய மாதா திருவிழாவுக்கு அப்பா இறங்கி வரும்போதெல்லாம், மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்லிச் சேட்டன் காசு கொடுத்தனுப்புவார். கிறிஸ்து பிறப்புக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் தவறாமல் வரும். 2004-இல் அப்பா இறந்தபோது சேட்டன் மலையிறங்கி வந்து பாடையின் ஒரு முனையைத் தோளில் சுமந்தார். பொட்டலம் அதன் பின்னும் நிற்கவில்லை.

2011 டிசம்பர் வந்தது. அணையைப் பற்றிய அச்சமும் சினமும் எல்லையின் இருபுறமும் மூண்டன. குமுளியில் போக்குவரத்து நின்றது. தோட்டங்களுக்குச் சென்றிருந்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி, காட்டு வழிகளில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு மலையிறங்கின. இப்பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கித் திரண்டனர். அந்த நீரை நம்பி வாழும் மக்களின் சினம் நியாயமானது என்றே நாங்களும் எண்ணினோம். இன்றும் அவ்வாறே எண்ணுகிறோம்.

அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் ஒரு மாலையில் வீட்டில் குடில் அமைத்துக்கொண்டிருந்தோம். அண்டை வீட்டார் சிலர் திண்ணையில் அமர்ந்து மலையில் நடந்தவற்றைப் பேசிக்கொண்டிருந்தனர். அப்போது கைபேசி ஒலித்தது. திரையில் சேட்டனின் பெயர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்நேரத்தில் ஒரு மலையாளியோடு பேசுவதைத் திண்ணையிலிருப்போர் கேட்டால் என்ன நினைப்பரோ என்ற அச்சம் எங்கள் நால்வர் நெஞ்சிலும் ஒரே கணத்தில் எழுந்தது. மணி ஒலித்து ஓய்ந்தது. மறுநாளும் ஒலித்தது, ஓய்ந்தது. கையில் வைத்திருந்த சூசையப்பர் சுரூபத்தைக் குடிலுக்குள் வைத்துவிட்டு, வைக்கோலைச் சரிசெய்தோம். அவ்வாண்டு ஏலக்காய் வரவில்லை.

பதற்றம் தணிந்த பின், 2012 கோடையில் போடிமெட்டு வழியாக அவரைக் காணச் சென்றோம். அவ்விரு அழைப்புகளும் எதற்கென்று அங்குதான் அறிந்தோம். நம் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் இரண்டினை அவர் தம் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் மூன்று நாள் மறைத்து வைத்திருந்தார். அவர்களை எவ்வழியில் பத்திரமாக இறக்குவது, அடிவாரத்தில் யாரேனும் எதிர்கொள்ள வருவார்களா என்று கேட்கவே எங்களை அழைத்திருக்கிறார். பதில் கிடைக்காமற்போகவே, முதுமையையும் பாராது தாமே மெட்டு வரை அவர்களோடு நடந்து வழிகாட்டித் திரும்பினாராம்.

தலைகுனிந்து நின்றோம். எங்கள் முகத்தைப் பார்த்த அவர், தாமே ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

"ரேஞ்சு கிடைச்சிருக்காது, அல்லே?"

"ஆமாம் சேட்டா" என்றோம். அவர் மனைவியாகிய அம்மச்சி கட்டன்காப்பி கொண்டுவந்தார். குடித்தோம். புறப்படும்போது, சென்ற கிறிஸ்து பிறப்புக்குரிய பொட்டலத்தையும் கையில் கொடுத்தார்.

சேட்டன் இப்போது இல்லை. 2016-இல் இறைவனடி சேர்ந்தார். அவரிடம் சொன்ன அந்த 'ஆமாம்' மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதனைச் சொல்லி மன்னிப்புப் பெற்றோம். எனினும் உரியவரிடம் சொல்லாத குறை தீரவில்லை.

ஊர் வரலாறு எழுதுவோர் பாளையக்காரர் பெயரையும் அணையின் ஆண்டையும் பதிவு செய்கின்றனர், அது வேண்டியதே. 2013-இல் லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு நினைவு மண்டபம் எழுந்தபோது நாங்களும் சென்று வணங்கி வந்தோம். ஆயினும் எங்கள் ஊரின் மரபுச் செல்வம் எது என்று எங்களைக் கேட்டால், செடி மூடிக் கிடக்கும் அக்காட்டுப் பாதையையே சுட்டுவோம். பஞ்ச காலத்தில் நமக்குச் சோறிட்டது அது. பகைக் காலத்தில் அயல்மொழி பேசும் முதியவர் ஒருவர் நம் பிள்ளைகளை அழைத்து வந்ததும் அதன் வழியே. அணைநீர் மீது நமக்குள்ள உரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வுரிமைக்காக நிற்கும் நாளிலும், அழைக்கின்ற அயலானுக்குப் பதில் சொல்லத் துணிவு வேண்டும். அத்துணிவு அன்று எங்களிடம் இல்லை.

கருவுற்ற இளம் மரியா எலிசபெத்தைக் காண விரைந்ததும் மலைநாட்டுக்கே என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. செபமாலையில் அம்மறைபொருளைத் தியானிக்கும்போதெல்லாம், ஒலித்து ஓய்ந்த அந்த மணியோசை எங்கள் செவியில் கேட்கிறது.

அம்மச்சி இன்னும் இருக்கிறார், பார்வை மங்கிவிட்டதாம். வரும் திருவருகைக் காலத்தில் நாங்கள் நால்வரும் மலையேற முடிவு செய்திருக்கிறோம். இராயப்பன்பட்டி மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, போடிமெட்டு வழியே சுற்றிச் சென்று, அவர் கையைப் பற்றிக்கொண்டு சொல்லவேண்டும்: "அம்மச்சி, அன்றைக்கு ரேஞ்சு இருந்தது."