ஒரு மில்லிமீட்டர்

"ஆட்டோ கியர் போச்சு சார், இறக்கிப் பிரிக்கணும்" என்று வேறொரு பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். பல ஆயிரம் வெள்ளி செலவு. ஓய்வுபெற்ற ஆசிரியரான வண்டிக்காரர், எதற்கும் இன்னொருவரைக் கேட்டுவிடலாம் என்று கிள்ளானுக்குக் கொண்டுவந்திருந்தார். தெங்கு கிளானா சாலையின் பூமாலைக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் வரும் பட்டறை அது. வண்டி மெர்சிடீஸ் 230ஈ. 1976 முதல் பத்தாண்டு காலத்தில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வெளிவந்த 'டபிள்யூ123' வரிசையைச் சேர்ந்தது. மலேசியாவிலேயே பூட்டப்பட்ட வண்டிகள் இதில் நிறைய உண்டு.

நோய் இதுதான்: பி-யில் (பார்க்) போட்டாலும் சில நேரம் வண்டி உருள்கிறது. என்-னில் (நியூட்ரல்) சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆவதில்லை. கியர் கம்பியைச் சற்று முன்னே தள்ளிப் பிடித்தால் ஆகிறது.

பட்டறைக்கார அண்ணன் முதலில் கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தார். எண்ணெய் சிவப்பாக இருந்தது, கருகல் வாடை இல்லை. பிறகு உள்ளே உட்கார்ந்து கியர் கம்பியை இரண்டு விரலால் ஆட்டினார். "ஆடுற பல்லு மாதிரி இருக்கு, பாருங்க" என்றார் என்னிடம்.

கம்பியில் இருக்கும் எழுத்தை நம்பி ஓட்டுகிறோம். கியர்பாக்ஸுக்கு அந்த எழுத்து தெரியாது. கீழே ஒரு நீளத் தண்டு, கம்பியின் அசைவை கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்புகோலுக்குக் கடத்துகிறது. நெம்புகோல் உள்ளே ஓர் உருளை வால்வை நகர்த்துகிறது. எண்ணெய் அழுத்தம் எந்தக் கிளட்சுக்குப் போக வேண்டும் என்பதை அந்த வால்வுதான் திறந்துவிடுகிறது. வால்வு பாதி வழியில் நின்றால் அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் கருகும். பி-யில் ஓர் இரும்புக் கொக்கி பல்சக்கரத்தின் பள்ளத்துக்குள் முழுதாக விழ வேண்டும். விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றால் எந்த நேரமும் நழுவலாம். பி-க்கும் ஆர்-க்கும் (ரிவர்ஸ்) நடுவில் மாட்டிக்கொள்ளும் இந்தக் கோளாறு சில்லறை விஷயமல்ல. அமெரிக்காவில் பி-யிலிருந்து ஆர்-க்கு நழுவிய வண்டிகள் குறித்துப் புகார்கள் குவிந்து, 1980 இறுதியில் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஃபோர்டு நிறுவனம் இரண்டு கோடிக்கும் அதிகமான வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஒட்டுத்தாள் அனுப்ப வேண்டியிருந்தது.

வண்டியைத் தூக்கியதும் பட்டறையில் உதவிக்கு இருந்த தம்பி டார்ச் பிடித்தான். தண்டின் முனையில் இருந்த பிளாஸ்டிக் புஷ் வளையம் நொறுங்கி, துளை மட்டும் மிச்சமிருந்தது. எக்ஸாஸ்ட் சூடும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து முப்பது, நாற்பது வருடத்தில் செய்யும் வேலை. "புஷ் போட்டுறலாமாண்ணே?" என்று தம்பி கேட்டான். "இரு. மொதல்ல மவுண்டிங் ரப்பரைப் பாரு." கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் தொய்ந்திருந்தால் கியர்பாக்ஸே கீழிறங்கி நிற்கும், அந்த நிலையில் எடுக்கும் அளவு எல்லாம் பொய். ரப்பர் நன்றாகவே இருந்தது.

புது புஷ்ஷை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு சாக்கெட்டையும் பிளையரையும் வைத்து அழுத்தி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அளவு. தண்டைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு நெம்புகோலைக் கையால் பி-யின் கடைசிவரை தள்ளினார். அங்கிருந்து திரும்பி இரண்டாவது 'டிக்'கில் நிறுத்தினார். அதுதான் அசல் நியூட்ரல். மேலே தம்பி கம்பியை என்-னில் பிடித்திருந்தான். கம்பிக்கும் அது நகரும் தடத்தில் உள்ள என்-நிலைத் தடுப்புக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்கும்வரை தண்டின் நீளத்தைத் திருகிக் கூட்டினார், குறைத்தார், லாக் நட்டை இறுக்கினார். நீளம் தானாகப் பொருந்தி, தண்டு இழுக்காமல் தள்ளாமல் போய் மாட்டிக்கொண்டால்தான் சரி. வளைத்து மாட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஸ்டார்ட் ஆகாத தொல்லைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. யாரோ முன்பு தண்டைத் தொடாமல், ஸ்டார்ட்டர் தடுப்பு சுவிட்சைத் திருப்பிவைத்துச் சமாளித்திருக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் டிரில் முனையை சுவிட்சின் துளையில் செருகி, அதையும் சரியான இடத்தில் பூட்டினார். இனி பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆர்-ல் ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பட்டறை வாசல் சரிவில் பி-யில் நிறுத்தி, நாங்கள் மூவரும் தள்ளினோம். கொக்கி பல்லில் முட்டும்வரை கொஞ்சம் அசைந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

புஷ் விலை சில வெள்ளிதான். கூலியைச் சொல்வதற்குத்தான் அண்ணன் தயங்கினார். கியர் பெட்டியை இறக்கிப் பிரித்தால் பில் நீளமாக எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்ததற்கு எப்படிப் பில் போடுவது? சாமான் கணக்குப் போட்டே பழகிவிட்ட தொழில் இது. அதனால்தான் சிலருக்குப் பெட்டியை இறக்குவது சுலபமான வழியாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆசிரியர் அவர் சொன்னதற்கு மேலேயே கொடுத்தார்.

"ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டாங்க சார். புது புஷ் அமுங்கியிருக்கும், அந்த ஒரு மில்லிய மறுபடி பாத்துக்கணும். அதுக்குக் காசு வேணாம்."