கறளைச் சுரண்டாதீர்கள்

வாய்வழியே மருந்து இடித்துக் கெட்டிக்கும் பழைய துவக்கு எது மேசைக்கு வந்தாலும், முதல் வேலை அதன் வயிற்றைப் பார்ப்பதுதான். மெல்லிய மரத்தடியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்துக்கொள்வேன். அதே தடியைக் குழலுக்கு வெளியே பற்றுவாய் வரைக்கும் வைத்து அளப்பேன். உள்ளே போனது குறைவாக இருந்தால், பழைய மருந்தும் சன்னமும் இன்னும் அங்கேயே கிடக்கக்கூடும். ஈரம் படாத கருமருந்து இருநூறு வருடம் கழிந்தும் பற்றும். எங்கள் வன்னியின் மாங்குளத்தில் இடியன் துவக்கோடு காட்டுக்குப் போன பெரியவர்கள் அதை எந்த நேரமும் ஆளில்லாத பக்கம் திருப்பித்தான் வைப்பார்கள். நான் இந்தத் தொழிலில் கற்ற முதற்பாடம் அது.

இப்போது இங்கிலாந்தில் பழைய ஆயுதங்களைப் பேணும் வேலை செய்கிறேன். சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடுவதில் ஒன்று, 'நியூ லாண்ட்' என்ற பிரித்தானியப் பட்டாளக் கைத்துப்பாக்கி. ஒன்பது அங்குலக் குழல், குதிரையின் வாயில் தீக்கல், குழலோடு கீலில் பிணைத்த இடிகம்பி. இந்த வகை ஒன்றும் அருமையானதல்ல. செய்தபடியே இருக்கும் ஒன்று கிடைப்பதுதான் அருமை. 1830களிலும் 40களிலும் தீக்கல்லின் இடத்தைத் தொப்பி வெடி பிடித்தபோது, பழையவற்றில் பலவற்றின் பற்றுவாயைத் துளைத்துப் பெருப்பித்துப் புதிய முறைக்கு மாற்றினார்கள். பின்னாளில் விலை கூட்டுவதற்காகச் சிலர் அவற்றைத் திரும்பவும் தீக்கல் பூட்டாக்கினார்கள். பூதக்கண்ணாடியால் பற்றுவாயைச் சுற்றிப் பார்த்தால், அடைத்த துளையின் வட்டம் மங்கலாகத் தெரியும். அங்கே இரும்பின் நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும்.

ஒருமுறை ஒரு கைத்துப்பாக்கியை, 1803 முல்லைத்தீவுச் சண்டையில் இருந்தது என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். கேட்டதும் மனம் துள்ளியது. அந்த வருடம் ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியப் படையைத் துரத்தினான். ஒக்டோபர் 31இல் பிரித்தானிய அதிகாரி ட்ரிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறது கற்சிலைமடு. அந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க ஆசை இராதா?

ஆனால் பூட்டுத் தகட்டில் இருந்தது, கிரீடத்தைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் சிங்கம். கிழக்கிந்தியக் கம்பனி தன் பழைய இதயக் குறியை விட்டுச் சிங்கத்துக்கு மாறியது 1808 அளவில்தான். 1803இல் அந்தத் துவக்கு பிறந்தேயிருக்காது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். யாராவது முன்னரே அந்தத் தகட்டை அரத்தாளால் மினுக்கியிருந்தால் சிங்கமும் போயிருக்கும், பொய் நிலைத்திருக்கும். அதனால்தான் நான் கறளை மினுங்கும்வரை எடுப்பதில்லை. எண்ணெயில் ஊறவிட்டு, மென்மையான பித்தளைத் துண்டால் மேலாகத் தளர்ந்ததை மட்டும் நீக்கி, மெழுகு பூசி நிறுத்திவிடுவேன்.

பொறிப்பு அழியாமல் தப்பியதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1765இல் டச்சுக்காரர் கண்டியில் கொள்ளையிட்ட, கண்டிப் பிரபு லெவ்கே திசாவையின் பீரங்கி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்து 2023இல் கொழும்புக்குத் திரும்பியது. கூடவே இரண்டு பெருந்துவக்குகளும் வந்தன. அந்தப் பீரங்கி யார் யாருக்குக் கொடுத்தது என்பதற்கு அதன் உடலிலேயே பொறித்த எழுத்துச் சாட்சி. அதை யாரும் தேய்த்து அழிக்காமல் விட்டது நம் அதிர்ஷ்டம்.

வன்னியில் யாருடைய வீட்டிலாவது இப்படிப் பழைய பொருள் இருந்தால், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், விலைபேச வருபவருக்கும் கொடுக்காதீர்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளை அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இரும்பு தெரிந்தால், அது எந்தக் காலத்தது என்று நீங்கள் பார்க்க வேண்டாம். கைவைக்காமல் விலகி நின்று, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள்.