டிரிப்பர் அடைப்பும் சிறுநீரகக் கல்லும்

தர்மபுரி பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டிருக்கும் விவசாயி அவர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். டிரிப்பரில் வெள்ளையாக அடைத்துக்கொண்டால் ஆசிட் விட்டுக் கழுவிவிடுவார். சொட்டு மறுபடி ஒழுங்காக விழும்.

சித்திரை வெயிலில் ஒருநாள், விலாவில் பிடித்த வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. வரப்பிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்கேனில் 4 மி.மீ. கல் தெரிந்தது.

"டிரிப்புக்கு ஆசிட் விடுற மாதிரி எலுமிச்சம்பழச் சாறு குடிச்சா கரைஞ்சிடாதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"குழாயில அடைக்கிறது கால்சியம் கார்பனேட். அது ஆசிட்ல கரையும். உடம்புல வர்ற கல்லு பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். அது எலுமிச்சைக்குக் கரையாது. ஆனா, புதுக் கல்லு வளராம தடுக்க எலுமிச்சை உதவும்" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகும். அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகும். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம், சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்ட உதவும். சிட்ரேட் முந்திக்கொண்டு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். படிகத்தின் மேல் ஒட்டி, அது வளர்வதையும் தடுக்கும்.

"ஏங்க, அப்ப இவருக்குப் பாலை நிறுத்திடட்டுங்களா?" என்று மனைவி கேட்டார். வேண்டாம் என்றார் டாக்டர். சாப்பாட்டோடு சேரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பு, ஊறுகாய், கருவாடு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

கொடம்புளி மாத்திரை கல்லைக் கரைக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரேட், ஆய்வகத்தில் சில சூழலில் கால்சியம் ஆக்சலேட் படிகத்தைக் கரைத்ததாக ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ரைமர் குழு 2016-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. ஆய்வகத்தில் கரைந்ததாலேயே அது மருந்தாகிவிடாது. கொடம்புளி மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. அவர் வாங்கவில்லை.

5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். அவருக்கும் இரண்டு வாரத்தில் இறங்கியது. வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிறுநீர் நின்றாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்போது வயலுக்குப் போகும்போது தண்ணீர் கேனும் கூடவே போகிறது. நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கிறார். வீட்டில் உப்பு போடாத எலுமிச்சைத் தண்ணீர். காலையில் டிரிப்பரைப் பார்ப்பதுபோல, சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொள்கிறார். மஞ்சள் கூடினால், அன்றைக்கு இன்னும் இரண்டு சொம்பு.