தாம்பரத்துக்கு வந்தவர்கள் எடுத்துவந்த அளவுகோல்

ஒரு மதம் சொல்வதற்கும் அதைச் சேர்ந்தவர்கள் நடப்பதற்கும் உள்ள இடைவெளி உள்ளூர்க்காரர் கண்ணில் எளிதில் படுவதில்லை. பிறந்தது முதல் பார்த்துப் பழகிய வழக்கம் அவருக்கு மதமாகவே தெரிகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்து குடியிருப்பவரோ அதை உடனே கண்டுவிடுகிறார். அவர் தடுக்கி விழும் இடம் வேறு. வந்த நாட்டின் மதத்தைத் தெருவில் நடப்பதை வைத்து எடைபோடுகிறார். தன் மதத்தை மட்டும் வேதத்தில் எழுதியபடி நினைத்துக்கொள்கிறார். புலம்பெயர்ந்தோர் எல்லாருக்கும் பொதுவான இந்தக் குறையோடு சிலர் நேர்மையாக மல்லுக்கட்டிய இடம் தாம்பரம்.

அங்கே குடியேறியவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஸ்காட்லாந்து ஆசிரியர்கள். கல்லூரியின் வேர் 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் நடத்தத் தொடங்கிய பள்ளி. அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பும்படி சாதி இந்துப் பெற்றோர் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். ஏராளமான மாணவர்கள் பள்ளியை விட்டு விலகினார்கள், ஆனாலும் அவர் இறங்கிவரவில்லை. சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருந்த தருணம் அது. நூறு ஆண்டுக்குப் பின், 1937 ஜனவரியில், ஆளுநர் எர்ஸ்கின் திறந்துவைக்கக் கல்லூரி தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம் மாறியது. இன்று அங்கே நிற்கும் மரங்களில் பல, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளர்த்தவை.

கல்லூரியைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்த முதல்வர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், 1903இல் சென்னைக்கு வந்தவர். அவரிடம் தத்துவம் படித்தவர்களில் ஒருவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற மிஷனரிகளின் விமர்சனம் அந்த மாணவரைச் சுட்டது. அதற்குப் பதிலாகவே 1908இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றித் தம் முதுகலை ஆய்வை எழுதினார். ஹாக் அதைப் பாராட்டினார். தன் மதத்தைக் காக்க எழுந்த மாணவரைப் பாராட்டும் மிஷனரி ஆசிரியர் அக்காலத்தில் அரிது.

1938 டிசம்பரில் உலக மிஷனரி மன்றம் தாம்பரத்தில் கூடியது. முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடக்க இருந்த மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாறியது. டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறக்குறைய 70 நாடுகளைச் சேர்ந்த 470 பேர் கல்லூரி வளாகத்தில் தங்கினார்கள். போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் இரண்டிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த டி. டி. நைல்ஸ் வந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து, பிற்காலத்தில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுதுலி வந்தார். அவர் நாட்டில் வெள்ளையரின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை, கறுப்பரோடு சேர்ந்து திருவிருந்தில் பங்கெடுக்க முடியாதவர்களின் 'பலவீனத்தை' முன்னிட்டுத் தனித்தனி வழிபாட்டுக்கு 1857இலேயே அனுமதி தந்திருந்தது. ஒரே அப்பத்தைப் பகிர்வதே சடங்கின் பொருள் என்னும்போது அந்த அனுமதி சடங்கையே காலி செய்துவிட்டது.

மாநாட்டுக்காகவே டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டது வேறு, மனிதர் கட்டிய மதங்கள் வேறு என்பது அவர் வாதம். வரலாற்றில் நடந்த கிறித்தவத்தையும் அந்த மதங்களின் வரிசையில்தான் நிறுத்தினார். அந்த அளவுக்கு அது நேர்மையான வாதம். ஹாக் அதில் திருப்தி அடையவில்லை. கிறித்தவத்தில் உயிருள்ள நம்பிக்கையையும் அதன் வெளித்தோற்றத்தையும் பிரித்துப் பார்க்கலாம் என்றால், இந்துவுக்கும் அதே சலுகையைத் தர வேண்டும் என்றார். 35 ஆண்டு சென்னையில் வாழ்ந்து, இறைவனோடு உண்மையாக உறவாடும் இந்துக்களை அவர் அறிந்திருந்தார். மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் இன்றும் மதிப்புக் குறையாதது இதுதான்.

மாநாட்டுக்குச் சற்று முன் தமிழ், தெலுங்குக் கிறித்தவர் சிலர் சேர்ந்து கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் நூல் ஒன்றை வெளியிட்டார்கள். பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் அதில் முக்கியமானவர்கள். மேற்கிலிருந்து இறக்குமதியான சபை அமைப்புக்கும் கிறிஸ்துவுக்கும் முடிச்சுப்போட வேண்டாம் என்றார்கள். அந்த நூலில் எழுதிய இன்னொருவர் மருத்துவர் சவரிராயன் ஏசுதாசன். அவரும் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஊரார் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்கார மிஷனரி பங்களாவில் துரையாக வாழ்ந்த காலத்தில், கதர் உடுத்தி இந்தியர் ஒருவருக்குத் தம்பியாக இருக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சம்மதித்தார். 1932இல் சென்னைக் கடைத்தெருவில் போலீஸ் தடியடிக்கும் ஆளானார்.

பேட்டன் போன்றவர்கள் ஏன் சிலரே என்பதற்கு விடை 1910இலேயே சொல்லப்பட்டது. எடின்பர்க் மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியத்துக்குப் போன வே. ச. அசரியா பேசினார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர்களிடம் கிடைக்காத ஒன்றைக் கேட்டார்: நட்பு. அவரே வேற்று மொழிக்காரரிடையே குடியேறியவர். அதனால் அந்தக் குறையை உள்ளூர்க்காரர் பக்கமிருந்தும் குடியேறியவர் பக்கமிருந்தும் அறிந்திருந்தார்.

எல்லா மதத்துக்கும் ஒரே அளவு என்ற ஹாக்கின் அளவுகோலைத் தமிழர் மேல் வைத்தால் இரு பக்கமும் வலிக்கிறது. நைல்ஸின் தெல்லிப்பழைக்கு அருகே உள்ள மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முயன்றபோது, வழிமறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். முருகன் வள்ளியை மணந்த கதையை ஆண்டுதோறும் கொண்டாடும் சமூகம் அது. கிறித்தவர் பக்கத்தில், திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் குழிகளைப் பிரிக்கச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், எழும் நாளிலும் சேர்ந்து எழக் கூடாது என்று நினைத்ததுபோல. விழுப்புரம் பக்கத்து இறையூரில் தலித் கத்தோலிக்கர் சம மரியாதை கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். சட்டமும் கைகொடுக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே தந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற கொள்கையை அரசு நம்பியது. சபைக்குள் நடப்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

இந்த அளவுகோலைத் தன் நாட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனவர் லெஸ்லி நியூபிகின். 1936இல் சென்னைக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வாரம் உபநிடதம், மறு வாரம் யோவான் நற்செய்தி என்று படித்தார். மதுரைக்கும் பின்பு சென்னைக்கும் பேராயராக இருந்து 1974இல் இங்கிலாந்து திரும்பியவர், அங்கே நம்பிக்கை வற்றிப்போயிருப்பதைக் கண்டார். பர்மிங்காமின் ஏழைப் பகுதி ஒன்றில் ஆயராகி, தன் சொந்த நாட்டையே வேற்று நாட்டுக்காரர் கண்ணால் பார்த்து எழுதினார். 1938 மாநாட்டின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1988இல் தாம்பரத்தில் மீண்டும் கூடியபோது நன்றி வழிபாட்டில் அருளுரை ஆற்றியவரும் அவர்தான்.

இப்போது புறப்பட்டுப் போகிறவர்கள் தமிழர்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் கோயிலும் சபையும் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே வெள்ளையரின் தேவாலயங்கள் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடப்பதைச் சுட்டிப் பேசும்போது, தங்கள் கல்யாண விளம்பரத்தில் சாதி கேட்கப்படுவதையும், கோயில் நிர்வாகத்தில் யாருக்கு இடம் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே அவர்கள் பேச வேண்டும்.